பேயும் மாத்திரையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். எல்லோரும் எழுதுகிறவர்கள். பேச்சு வழக்கம்போலக் கவிதையில் தொடங்கிக் கவிஞர்களில் வந்து நின்றது. ஒருவர், நல்ல கவிஞர்தான், 'பித்து இல்லாமல் கவிதை கிடையாது' என்றார். தலைகள் அசைந்தன. அரை மணி கழித்து, அன்று வராத இன்னொரு கவிஞரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அதே நண்பர் 'அது கீழ்ப்பாக்கம் கேஸ், விடுங்கள்' என்றார். சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வீடு திரும்பும்போதுதான் உறுத்திற்று. முதல் வாக்கியத்தில் பித்து ஓர் ஆபரணம். இரண்டாவதில் அது ஒரு வசை. இரண்டிலும் நோயாளி என்று ஒரு மனிதன் இல்லை. நம்முடைய நவீன எழுத்தில் 'பிறழ்வு', 'சிதைவு', 'பித்தநிலை' என்ற சொற்கள் புழங்குகிற அளவுக்கு வேறு எந்த நோயின் பெயரும் புழங்கியதில்லை. க்ஷயரோகத்துக்குக்கூட ஒரு காலத்தில் இருந்த கௌரவம் இவ்வளவு இல்லை. ஆனால் இந்தச் சொற்களை எழுதுவதற்கு நமக்கு எந்தச் செலவும் ஆவதில்லை. ஒரு சொல்லுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிற இடத்தில் அது எப்படிப் பேசப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டு நம் எழுத்துக்குத் திரும்பலாம் என்று தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட இடம் கீழவைப்பார்.

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கும் ஊர். பக்கத்தில் சிப்பிகுளம். 16-ம் நூற்றாண்டில் ஒரே வீச்சில் கத்தோலிக்கமான முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் ஒன்று. என் அம்மா பிறந்த ஊர். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, சங்குக் குளியாளி. முத்துக்குளிப்பு 1961-ல் நின்றுபோனபின் மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கி இறங்கத் தெரிந்தவர்களுக்கு மிஞ்சியது சங்கு.

1982-ல் மாமாவுக்குச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. முதலில் தண்ணீருக்கடியில் மட்டும். யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னார். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆழத்தில் காது அடைத்துக்கொண்டு இரைவது குளியாளிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு கரையிலும் கேட்டது. ராத்திரி தூக்கம் போயிற்று. சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டதாகச் சொல்லி, அத்தை வைத்த சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டு அது சாகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் போனபோது என்னைக் கண்டு பயந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை. என் வாழ்நாளில் என்னைக் கண்டு பயந்த ஒரே மனிதர் அவர்.

ஆச்சி அவரை ஓர் அந்தோனியார் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை. கோவிலைச் சுற்றியிருந்த கொட்டகையில் அவரைப் போலவே வந்திருந்த குடும்பங்களோடு தங்கினார்கள். ஊரில் இதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. 'எம் மவனுக்குப் பேய்க்கோளாறு, அந்தோனியார்கிட்ட கொண்டு போறேன்' என்று ஆச்சி தெருவில் நின்று சொன்னாள். கேட்டவர்கள் பஸ் காசு கொடுத்தார்கள். ஒருத்தி மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்து, 'எனக்கும் சேர்த்து ஏத்து' என்றாள்.

ஒன்பதாவது வாரத்திலோ பத்தாவது வாரத்திலோ, பக்கத்துக் கொட்டகைக்காரி ஒருத்தி அத்தையிடம் ரகசியமாக ஒரு டாக்டரைப் பற்றிச் சொன்னாள். அத்தை யாருக்கும் சொல்லாமல், ஆச்சிக்கும் சொல்லாமல், மாமாவை அங்கே அழைத்துப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். அதை அவள் அரிசிப் பானைக்குள் அரிசிக்கு அடியில் வைத்தாள். மாமாவுக்குச் சத்தம் குறைந்தது. பதின்மூன்றாம் செவ்வாய் முடிந்து மொட்டை போட்டு, அசனம் கொடுத்து ஊர் திரும்பினார்கள். அந்தோனியார் பேயை விரட்டிய கதை இன்றும் எங்கள் சொந்தத்தில் சொல்லப்படுகிறது. 2011-ல் மாமா இறக்கும்வரை அரிசிப் பானை மாத்திரைகளால் காலியானதில்லை. யாராவது பார்த்துவிட்டால் 'அல்சருக்கு' என்பாள் அத்தை.

பேயை ஊருக்குச் சொன்னார்கள், மாத்திரையை மறைத்தார்கள். படித்தவர்கள் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறானதை. மூடநம்பிக்கைதான் வெட்கத்துக்குக் காரணம், விஞ்ஞானம் வந்தால் வெட்கம் போய்விடும் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். கீழவைப்பாரில் வெட்கம் மாத்திரையோடுதான் வந்தது. ஏன் என்று யோசித்தபோது, காரணம் முதலில் மொழியில் இருப்பதாக எனக்குப் பட்டது.

பேய் வெளியிலிருந்து வருகிறது. அது 'பிடிக்கிறது', பிறகு 'இறங்குகிறது', 'போய்விடுகிறது'. அந்த வாக்கியங்களில் எழுவாய் பேய். மனிதன் வெறும் இடம். காய்ச்சலுக்கும் நம் மொழி இந்த மரியாதையைத் தருகிறது. 'எனக்குக் காய்ச்சல்' என்கிறோம். நான் நானாகவே இருக்கிறேன், காய்ச்சல் என்னிடம் வந்திருக்கிறது. யாரும் காய்ச்சல்காரன் ஆவதில்லை. ஆனால் கிறுக்கு வந்தால் கிறுக்கன். பைத்தியம் வந்தால் பைத்தியக்காரன். நோய் ஒரு விகுதியை ஒட்டிக்கொண்டு ஆளாகிவிடுகிறது. இதே கதி இன்னொரு நோய்க்கும் நேர்ந்தது, குஷ்டத்துக்கு. அதற்குத் தொழுநோய் என்று பெயர் மாற்றி, ஆளைத் தொழுநோயாளி என்று எழுதப் பழகப் பல ஆண்டுகள் ஆயின. 'மனநோயாளி' என்பதும் அப்படிச் செய்யப்பட்ட சொல்தான். ஆனால் அது அரசாங்கப் படிவத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு வரவில்லை. அங்கே 'நரம்புக் கோளாறு' என்பார்கள். அது கொஞ்சம் கௌரவமான பொய்.

மாத்திரை இந்தப் பேய் இலக்கணத்தைக் குலைத்துவிடுகிறது. பேய்க்கு மாத்திரை கிடையாது. மாத்திரை இருக்கிறதென்றால் கோளாறு உள்ளே இருக்கிறது, ரத்தத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் வரும். மாமாவுக்கு மூன்று பெண்கள். அத்தை அரிசிக்கு அடியில் ஒளித்து வைத்தது மாத்திரையை அல்ல, மூன்று கல்யாணங்களை.

இன்னொன்று, தொழில் சம்பந்தப்பட்டது. குளியாளி கீழே இறங்கும்போது மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிசகினால் ஆள் இல்லை. அதனால் கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள், அக்கா தங்கையைத் தாலி அறுக்கவிட மாட்டான் என்ற நம்பிக்கையில், என்று எங்கள் கரையில் சொல்வார்கள். இப்படி ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் இருக்கிற தொழிலில் 'அவனுக்கு மூளை சரியில்லை' என்ற பேச்சு எழுந்தால், அதற்கப்புறம் அவன் கையில் எவன் கயிற்றைக் கொடுப்பான்? அது அறியாமை இல்லை. மிகத் தெளிவான அறிவு. நோயைச் சொன்னால் வேலை போகும். பேயைச் சொன்னால், அது இறங்கியபின் வேலை திரும்பக் கிடைக்கும். மாமாவுக்குக் கிடைத்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஏழெட்டு வருஷம் சங்குக்குப் போனார். கயிறு பிடித்த மச்சானுக்கு, அத்தையின் தம்பிக்கு, எல்லாம் தெரியும் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

நகரத்து நண்பர்கள் இத்தகைய கோவில்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாராருக்கு அவை இருட்டறைகள். இன்னொரு சாராருக்கு, இப்போது இவர்கள் கை ஓங்கியிருக்கிறது, 'நம் மரபின் மாற்று வைத்தியம்'. இரண்டு பேருமே செவ்வாய்க்கிழமை கொட்டகையில் ஒரு ராத்திரி படுத்ததில்லை என்று நினைக்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தின் உள்பகுதியில் புளியம்பட்டி, தெற்கே கடலோரத்தில் உவரி இரண்டும் பேர்போன அந்தோனியார் தலங்கள். புளியம்பட்டியைப் பற்றிப் பிரெஞ்சு மானிடவியலாளர் பிரிஜித் செபாஸ்தியா 2007-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். கோவிலில் குணம் கிடைப்பது பற்றி மருத்துவர்களே ஆராய்ந்ததும் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் அவருடன் வேலை செய்தவர்களும், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தில்லாமல், சராசரியாக ஆறு வாரம் தங்கியதில், நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே விசேஷமான சடங்கு எதுவும் செய்யப்படவில்லை என்பதுதான் முக்கியம். கோவில் வேலைகளில் கலந்துகொண்டு, அச்சுறுத்தல் இல்லாத ஓரிடத்தில், கூட ஓர் உறவினரோடு இருந்தார்கள். என் ஆச்சியைக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பாள்.

ஆனால் கீழவைப்பாரிலிருந்து அதே கடற்கரையோடு வடக்கே, வேம்பார், சாயல்குடி தாண்டிப் போனால் ஏர்வாடி வருகிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில், தர்காவை அண்டிப் பிழைத்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மரபைப் புகழ்கிறவர்கள் முதலில் இந்த எண்ணை எழுதிவிட்டு அதற்குக் கீழே தங்கள் கட்டுரையைத் தொடங்க வேண்டும். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்தது. பின்னாளில் ஏர்வாடியிலேயே துவாவோடு மருந்தும் கிடைக்கும்படி டாக்டர்கள் உட்காரும் ஏற்பாடும் வந்தது.

இந்தப் பக்கம் அரசாங்கத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1912-ன் பைத்தியக்காரர் சட்டம்தான் இந்த நாட்டில் 1990-கள் வரை நடைமுறையில் இருந்தது. நோயாளியின் சம்மதமில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாஜிஸ்டிரேட் உத்தரவு வேண்டும். வீதியில் திரிகிறவனைப் பிடித்துவருவது போலீஸ்காரன் வேலை. வைத்தியத்துக்குப் போகிற வழி கோர்ட் வழியாகப் போனால், ஜனங்கள் கோவில் வழியாகப் போனதில் ஆச்சரியம் என்ன? நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்களில் 73.6 சதவீதத்தினர் சிகிச்சையில் இல்லை என்றது அது. குடிப்பழக்க நோயில் 86.3 சதவீதம். இப்போது 14416 என்று ஓர் எண் இருக்கிறது, 2022 முதல். எந்நேரமும் கூப்பிட்டுப் பேசலாம். முகம் தெரியாமல் பேசுகிற வசதி எங்கள் ஊருக்கு ஒத்துவரும் என்றே நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பகுதி பொய்யாகிவிடும். கடலில் நேர்கிற மரணங்கள் சிலவற்றைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். 'கடல் எடுத்துக்கிட்டது' என்பதோடு சரி. 1917-ன் திருச்சபைச் சட்டம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவருக்கு மந்திரித்த கல்லறையை மறுத்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அந்த விதி இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஊர் இன்னும் பழைய சட்டத்துக்குத்தான் பயந்துகொண்டிருக்கிறது. உதவி தேடி வாய் திறக்க வேண்டியவன் திறக்காமலிருப்பதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

இவ்வளவுக்கும், அச்சத்தைக் கூச்சமில்லாமல் கையாண்ட ஒரு ஸ்தாபனம் இதே கடற்கரையில் இருந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் 'கடல்கட்டி' என்று ஒருவர் உண்டு. சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. பரம்பரை உரிமை. ஊர் வேதத்துக்கு வந்தபின்னும் அது நிற்கவில்லை. கத்தோலிக்கரான கடல்கட்டியே தொடர்ந்தார். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அவரது மந்திரத்தில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் இல்லாமல் ஒரு குளியாளியும் இறங்க மாட்டான் என்று தெரியும், ஆகவே அவருக்குரியதைக் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். தர்ஸ்டன் இதை எழுதிவைத்திருக்கிறார். சுறாவை அவர் கட்டினாரோ இல்லையோ, பயத்தைக் கட்டினார். குளிப்பவன் பயப்படுவான், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அதற்குக் கூலி உண்டு என்பது வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. பயந்தவனுக்கு அவமானமில்லை. முத்து போனபோது அந்த வேலையும் போயிற்று. சங்குக்கு இறங்கிய என் மாமாவுக்குக் கடல்கட்டி இல்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. ஏனெனில் கோவிலையும் டாக்டரையும் எழுத்தாளனையும் ஒரே கட்டடத்தில் நான் கண்டது ஹார்லெமில்தான், புத்தகங்கள் மூலமாக.

அமெரிக்கக் கறுப்பர்கள் மனவைத்தியத்தை நம்பாததற்குக் காரணம் இருந்தது. 1851-ல் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் எஜமானனிடமிருந்து தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று பெயரிட்டு எழுதினார். சுதந்திர வேட்கையை நோயாக்கிய சாஸ்திரத்திடம் யார் போய்த் தன் துக்கத்தைச் சொல்வார்கள்? அவர்களுக்கும் சர்ச்தான் ஆஸ்பத்திரி. அவர்களிடையிலும் மனநோய் வீட்டுக்குள் புதைக்கப்படும் விஷயம். இந்த நிலையில் 1946-ல், ஹார்லெம் 133-வது தெருவில் செயின்ட் பிலிப்ஸ் சர்ச்சின் நிலவறையில் லஃபார்க் கிளினிக் தொடங்கிற்று. வாரத்தில் இரண்டு மாலைகள். கட்டணம் 25 சென்ட், இல்லாதவருக்கு அதுவும் இல்லை. டாக்டர் ஃபிரெட்ரிக் வெர்தம் (இதே மனிதர் பின்னால் காமிக்ஸ் புத்தகங்கள்மீது படையெடுத்தது வேறு கதை). இடம் கொடுத்தவர் அந்தச் சர்ச்சின் பாதிரியார் பிஷப். இதைத் தொடங்க முன்நின்றவர்களில் ஒருவர் நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட். அதே ஆண்டு அதைப் பற்றி அவர் கட்டுரையும் எழுதினார். ரால்ஃப் எலிசன் 1948-ல் எழுதிய ஹார்லெம் கட்டுரைக்கும் அந்த நிலவறைதான் மூலம். 1958-ல் கிளினிக் மூடப்பட்டது.

சர்ச்சுக்குப் போகிறவன் என்று ஊர் நினைக்கும், அவன் டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பான். என் அத்தையின் அரிசிப் பானை மாதிரியான ஓர் ஏற்பாடு.

அல்ஜீரியாவில் ஃபனான் செய்ததையும் இதோடு சேர்க்கலாம். 1953-ல் ப்ளிடா ஆஸ்பத்திரிக்கு வந்த அவர், ஐரோப்பியப் பெண் நோயாளிகளிடம் பலித்த கூட்டு நடவடிக்கைகளை அல்ஜீரிய முஸ்லிம் ஆண்களிடம் செய்து பார்த்துத் தோற்றார். அந்தத் தோல்வியை அப்படியே எழுதி வெளியிட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்குள்ளேயே அவர்கள் பழகிய மாதிரியான ஒரு காப்பிக் கடையும் தொழுகைக்கு வழியும் வந்தன. தன் முறை தவறு, நோயாளியின் ஊர் சரி என்று ஒரு டாக்டர் எழுதியது அபூர்வம். விமர்சகர்கள்கூட அப்படி எழுதுவதில்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது? 'இலக்கியம் என்ன சமூக சேவையா?' என்று உடனே எழும் குரல் எனக்குக் கேட்கிறது. (எழுபதுகளிலிருந்து அதே குரல், அதே சுருதி.) எழுத்தாளன் கிளினிக் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரைட் செய்தார், நல்லது. நான் கேட்பது அதைவிடக் குறைவானது, ஒருவேளை அதைவிடச் சிரமமானது. அத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு சொல்லை நாம் உண்டாக்கினோமா? மொழி நம் தொழில் என்றுதானே சொல்லிக்கொள்கிறோம்.

எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' இந்த வகையில் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவு. 1992-ல் வெளிவந்து அடுத்த ஆண்டு சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றது. ஆகவே எல்லோரும் பெயரை அறிவார்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்பது சந்தேகம். மகாலிங்கத்தின் காதுகளுக்குள் குரல்கள் ஓயாமல் பேசுகின்றன, ஆபாசமாக, இழிவாக. இன்னொரு பக்கம் முருகன். வெங்கட்ராம் சொந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதினார். அது நோயா, தெய்வச் சோதனையா என்று நாவல் தீர்ப்பளிப்பதில்லை. இதை ஒரு குறையாகச் சிலர் சொன்னார்கள். மாந்திரீக எதார்த்தம் என்று நாகரிகப் பெயர் கொடுத்துச் சிலர் மெச்சினார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. கேட்கிறவனுக்கு அந்தக் குரல் உத்தி அல்ல. அது அவன் சாப்பாட்டு நேரத்தில், கடன்காரன் வாசலில் நிற்கும்போது, பிள்ளைகள் முன்னால் கேட்கிறது. அந்தக் குடும்ப வாழ்க்கையின் நெருக்கடிக்குள் குரல்களை வைத்ததுதான் அந்த நாவலின் சாதனை. பித்து அங்கே கவிதைக்கு வாகனம் ஆகவில்லை. பிழைப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறது. மாமாவின் வீட்டை நான் அச்சில் கண்டது அதில்தான், கும்பகோணத்துப் பட்டு வியாபாரிகள் தெருவில்.

கோபிகிருஷ்ணன் வேறொரு வழியில் போனார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளிகளைப் பேசவிட்டது. அவரது உரைநடையில் ஈரமே இல்லை என்று ஒரு குற்றச்சாட்டு. ஈரத்தைப் பிழிந்து எறிந்துவிட்டு எழுதியதுதான் அவர் செய்த மரியாதை என்பது என் கட்சி. அவரிடம் நோயாளி ஞானி ஆவதில்லை, பரிதாபத்துக்குரியவனும் ஆவதில்லை. சம்பளம், பஸ், மாத்திரை, பக்கத்து வீட்டுச் சத்தம் இவற்றோடு மல்லுக்கட்டுகிற ஒரு சக குமாஸ்தா. அந்தத் தளத்தில் 'மாத்திரை' என்ற சொல் கூச்சமில்லாமல் வருகிறது. தமிழில் அது சின்ன விஷயமில்லை. நம் பத்திரிகைகள் அவரை ஒரு வினோதப் பிராணியாகக் கொண்டாடியதோடு நிறுத்திக்கொண்டன.

ஆத்மாநாம் விஷயத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். 'ழ' பத்திரிகையை நடத்தியவர், 'காகிதத்தில் ஒரு கோடு' தொகுப்பின் கவிஞர், மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர். 1984-ல் 33 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அதற்கப்புறம் எழுதப்பட்ட கட்டுரைகளைப் பாருங்கள். கணிசமானவை மரணத்திலிருந்து பின்னோக்கிக் கவிதைகளைப் படிக்கின்றன. நிதானமும், கிண்டலும், தெளிவான அரசியல் கோபமும் கொண்ட ஒரு கவிஞனின் ஒவ்வொரு வரியும் முன்னறிவிப்பாக மாற்றப்பட்டது. நோய் அவரது கவிதையைத் தந்தது என்பது போன்ற ஒரு தொனி. நோய் அவரிடமிருந்து எழுதும் நாட்களை எடுத்துக்கொண்டது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதில் கவித்துவம் இல்லை. டாக்டர் சாரதா மேனன் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கியதும் அதே 1984-ல்தான். சிறுபத்திரிகைகள் எதிலும் அந்தச் செய்தி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நாம் கீழவைப்பாரைவிட முன்னேறியவர்கள் என்று எண்ணுவதற்கு இடமில்லை. அவர்கள் நோய்க்குப் பேய் என்று பேர் வைத்து ஆளைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். நாம் கவிதை என்று பேர் வைத்து ஆளை விட்டுவிட்டோம். கூடப் போய் உட்கார்ந்த நண்பர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் செய்தது நம் விமர்சனத்துக்குள் வரவேயில்லை.

1996 என்று ஞாபகம். 'காதுகள்' நாவலைக் கீழவைப்பாருக்கு எடுத்துப்போனேன். மாமா அப்போது கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருப்பார். வாசிக்கத் தெரியும், ஆனால் பெரிய புத்தகம் என்று தயங்கினார். சில பக்கங்களை நானே வாசித்தேன். குரல்கள் பேசுகிற இடங்களை மெதுவாக, அத்தை காதில் விழாதபடி. அவர் கை வலையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் நின்றது.

'இது அவருக்கே வந்ததா, மருமவனே?'

'ஆமா மாமா. கதையில வேற பேரு வச்சிருக்காரு. ஆனா தனக்கு வந்ததுதான்.'

'அதை அச்சுப் போட்டு விக்காங்களா?'

'ஆமா. பரிசுகூடக் குடுத்தாங்க, டில்லியில.'

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஊசியில் நூலை ஓட்டி இரண்டு கண்ணிகளைக் கட்டி முடித்தார். பிறகு கேட்டார்:

'அவரு வீட்டுல பொம்பளப் பிள்ளைக இருந்துச்சா?'

எனக்குத் தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லு என்றார்.